உறுத்தல் இல்லாதவள்

அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வந்து வாசிக்கிறவர்கள் இருந்தால், முதலில் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள். கதை எங்கேயும் ஓடிப்போகாது. இது குக்கர் செய்கிற ஒரு கம்பெனியின் கதை. இன்னும் நடக்கவில்லை. நம் பேரப்பிள்ளைகள் வேலைக்குப் போகிற காலத்தில் நடக்கிறதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூருக்கு வெளியே அன்னூர் சாலையில் இருந்தது பூவரசி குக்கர் கம்பெனி. அங்கே ஆள் சேர்ப்பதும் அனுப்புவதும் கோகிலவாணியின் பொறுப்பு. நாற்பத்தேழு வயது, நிதானமான பேச்சு. அவள் கோபப்பட்டுப் பார்த்தவர் யாரும் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு இருந்தது ஒரே வேலை. பவித்திரன் என்கிற எஞ்சினியரை விடுவிக்க வேண்டும். சாயங்காலம் தீபாவளிச் சரக்கு லாரிகளில் கிளம்புவதற்குள் அதை முடிக்கச் சொல்லியிருந்தார் முதலாளி.

விடுவிப்பது என்றுதான் அங்கே சொல்வார்கள். வேலையை விட்டுத் தூக்குவது என்ற பேச்சே கிடையாது. எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருக்கும். இதயம் துடிப்பது, கை வியர்ப்பது, நரம்பு வெடுக்கென்று இழுப்பது எல்லாவற்றையும் அது ஒரு கோடாக வரையும். கம்பெனி ஒரு முடிவெடுக்கும்போது உங்கள் உடம்பு அமைதியாக இருந்தால் அந்த முடிவு உங்களுக்குச் சம்மதம். திடுக்கிட்டால் சம்மதமில்லை. வாயால் சரி என்று சொல்லிவிடலாம், பட்டையிடம் அது செல்லாது. அந்த ஏற்பாட்டுக்கு இசைவு என்று பெயர். இசைவு எண் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் உங்கள் மனசும் கம்பெனியின் மனசும் பொருந்தவில்லை என்று அர்த்தம். உங்களுக்குப் பொருந்துகிற வேறு இடத்தைத் தேடிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைப்பார்கள்.

கெட்ட எண்ணத்தில் கொண்டுவந்ததல்ல அது. ஓவர்டைம் பார்த்துப் பார்த்து நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இன்றைக்கு நூலகத்தில் நிம்மதியாக இருக்கிறாள். கோகிலவாணி அதை எல்லோரிடமும் சொல்வாள்.

"உட்காருங்க தம்பி. டீ சொல்லட்டுங்களா?"

பவித்திரன் உட்கார்ந்தான். சிவகாசிக்காரன், முப்பது வயது. ஓயாமல் பேசுவான், பாதிப் பேச்சு யாரையாவது குத்துகிற மாதிரி இருக்கும். அவனைப் பிடிக்கும் என்று சொல்ல அந்தக் கம்பெனியில் ஆள் தேட வேண்டும்.

"டீயில பால் உண்டாக்கா? பொங்குற பாலைப் பாத்தாலே எனக்கு இப்ப பயமா இருக்கு."

அவள் சிரித்தாள். வழக்கமான வார்த்தைகளை எடுத்தாள். "இதுல உங்க குத்தம்னு ஒண்ணுமில்லீங்க தம்பி. செருப்பு கடிக்குதுன்னா காலும் நல்ல காலுதான், செருப்பும் நல்ல செருப்புதான். அளவுதான் சேரல."

"இந்தச் செருப்புக் கதையை எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பீங்க?"

அவள் விடுவிப்புத் தாளை எடுத்து முன்னால் வைத்தாள்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது லாட் தயாரானால் அதிலிருந்து ஒரு குக்கரை எடுத்துக் குங்குமம் வைத்து, கேண்டீன் அடுப்பில் ஏற்றிச் சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் காலத்திலிருந்து நடக்கிறது. மொத்தக் கம்பெனியும் சுற்றி நிற்கும். பால் பொங்கி வழியும்போது எல்லோரும் குரல் எழுப்புவார்கள். அந்த லாட் நல்லபடியாகப் போகும் என்று நம்பிக்கை. புதன்கிழமை பால் பொங்கிய அந்த நொடியில் பவித்திரன் சத்தம் போட்டான். "இந்த லாட்டை வெளிய விடாதீங்க! வால்வு திறக்கல. வீட்ல வெடிச்சா ஆள் செத்துரும்!"

குரல் எழுப்ப வாயைத் திறந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "சிவகாசிக்காரன் வாயைத் தொறந்தா வெடிதான் வரும்," என்று யாரோ முணுமுணுத்தார்கள். அன்று மாலை அவன் எண் இருபத்தொன்பதுக்கு இறங்கியது.

"நல்ல காரியத்துல பேசற வார்த்தைங்களா அது?" என்றாள் கோகிலவாணி. "மீட்டிங்ல சொல்லியிருக்கலாமுங்க."

"சொன்னேன். அப்புறம் பேசலாம்னாங்க. மெயில் போட்டேன். யாரும் தொறந்தே பாக்கல. எல்லாரும் ஒரே எடத்துல நிக்கிறது அந்தப் பொங்கலுக்கு மட்டுந்தானக்கா?"

"எல்லாருமே திடுக்குனு ஆயிட்டாங்க. அத்தனை பேரு கோடும் ஒரே நேரத்துல எகிறுச்சு."

"எதுக்கு எகிறுச்சு? வால்வுக்கா, என் வாய்க்கா?"

அவள் பேனாவை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"உலகத்துலயே மூடி போடாம குக்கரைச் சோதிக்கிற கம்பெனி நம்மதான்," என்றான் அவன். "மூடி போட்டா பால் எப்படிப் பொங்கும்? அதனால வால்வு வேலை செய்யுதா இல்லையான்னு அந்தப் பொங்கலுக்குத் தெரியவே தெரியாது."

"அதுக்குத்தான் சோதனை மேசை இருக்குதுங்களே?"

"மேசை இருக்கு. ஆளு எங்க? பாஸ் போட மாட்டேன்னு மல்லுக்கட்டுனவங்களையெல்லாம் செருப்புக் கதை சொல்லி அனுப்பிட்டீங்க. மிச்சம் இருக்கிறவங்க ரொம்ப அமைதியானவங்க."

சொல்லிவிட்டு அவனே குரலைத் தாழ்த்தினான். "புதன்கிழமை சாயங்காலம் உங்ககிட்ட வந்து பொறுமையாச் சொன்னேன். ஞாபகம் இருக்கா? வெயிட்டுக்குக் கீழ இருக்கிற துளையில பருப்புத் தோல் அடைச்சுக்கிட்டா ஆவி வெளிய போகாது. அப்ப பாதுகாப்பு வால்வு உருகி வழி விடணும். இந்த லாட்டுக்கு வாங்குன உலோகம் உருகல. நான் சோதிச்சதுல கிட்டத்தட்ட பாதி திறக்கவே இல்ல. இதைக் கேட்டப்ப உங்க கோடு என்ன சொல்லுச்சுன்னு பாத்தீங்களா?"

அவள் பார்த்ததில்லை. அடுத்தவர் கோட்டைப் பார்ப்பதுதான் அவள் வேலை. தன்னுடையதைப் பார்க்க வேண்டிய தேவை வந்ததில்லை. அவள் எண் எப்போதும் தொண்ணூற்றாறு. திரையைத் திருப்பித் தன் பெயரைத் தொட்டாள். புதன்கிழமை பகலில், பால் பொங்கிய நேரத்தில், சாவு என்ற பேச்சைக் கேட்டு அவள் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. மாலையில், இதே அறையில், ஒரு வீட்டுச் சமையலறையில் என்ன நடக்கும் என்று இவன் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கோடு சமமாகக் கிடந்தது. துடைத்துவைத்த தரையைப் போல.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலைங்க தம்பி," என்றாள். அவளுக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

அவன் கேலி செய்வான் என்று நினைத்தாள். அவன் செய்யவில்லை. பயந்துபோய் அவளையே பார்த்தான்.

"இங்கயே இருங்க. அண்ணாவைப் பாத்துட்டு வர்றேன்," என்று எழுந்தாள்.

முதலாளி ரத்தினசாமியை அங்கே எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம், காது குத்து என்று எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் முன்வரிசையில் இருப்பார். அவர் மணிக்கட்டில் பட்டை கிடையாது. வீட்டுக்காரனுக்கு எதற்கு விருந்தாளிச் சீட்டு என்று சிரிப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாரிகளில் பெட்டி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதா அம்மிணி?"

"இல்லீங்கண்ணா. அந்தத் தம்பி சொல்றது நெசமா இருந்தா?"

அவர் திரும்பினார். கோபமில்லை. "வால்வு சப்ளை பண்றவன் சரியாத்தான் இருக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்கறான். எங்கியோ ஒண்ணு ரெண்டு இப்படி அப்படி இருக்கும். இப்ப லாரியை நிறுத்தினா தீபாவளி போச்சு. அடுத்த தீபாவளிக்கு நம்ம இருக்கறமோ இல்லியோ. உனக்குத் தெரியாததா?" அவளருகே வந்தார். "நான் ஒண்ணு கேக்கறேன். உனக்கு இது உறுத்துதா?"

கோகிலவாணி தனக்குள் தேடினாள். நேர்மையாகவே தேடினாள். "இல்லீங்க."

"அப்பறம் என்ன? உனக்கே உறுத்தலைன்னா இதுல தப்பு இருக்காது. நான் அஞ்சு வருஷமா அப்படித்தான் முடிவெடுக்கறேன். ஒரு காரியம் சரியா தப்பான்னு மனசு குழம்புச்சுன்னா, உன்ற கோட்டை எடுத்துப் பாப்பேன்."

"என்னோடதைங்களா? ஏனுங்கண்ணா?"

"இது தெரியாதா உனக்கு?" அவருக்கே ஆச்சரியம். "பட்டைக்காரங்க மொத மொத வந்தப்பக் கேட்டாங்க. உங்க கம்பெனி மனசு எப்படிப்பட்டதுன்னு மெஷினுக்கு எப்படிச் சொல்றது? செவுத்துல எழுதிவெச்ச வாசகமெல்லாம் அதுக்குப் புரியாது, உங்க கம்பெனிக்கு மாதிரியா ஒரு ஆளைக் காட்டுங்கன்னாங்க. அப்ப அந்த பிரஸ் செக்சன் பையனுக்கு விரலு நசுங்கி, ரெண்டு நாளு உனக்குச் சோறு எறங்கல. நான் வேற யாரைக் காட்டுவேன்? உன்னையத்தான் காட்டினேன். அன்னையிலிருந்து எல்லாரையும் உன்னோட ஒட்டிப் பாத்துத்தான் அது நம்பர் போடுது."

"அப்ப என்ற நம்பரு..."

"உன்னைய உன்னோடயே ஒட்டிப் பாத்தா வேற என்ன வரும்? நேத்து இருந்ததுக்கு இன்னைக்குக் கொஞ்சம் மாறியிருப்பே. அந்த நாலுதான் கொறையுது."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். தினம் தினம் கொஞ்சம் மாறிக்கொண்டே வந்த ஒருத்தியை வைத்து அந்த இயந்திரமும் தினம் தினம் தன் அளவை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் ஆளை அனுப்பிய இரவு அவள் தூங்கவில்லை. பிறகு தூங்கினாள். பிறகு எதிரே ஆள் அழும்போதே, சாயங்காலம் என்ன பொரியல் பண்ணலாம் என்று யோசிக்கப் பழகிவிட்டாள். அவள் எங்கெல்லாம் திடுக்கிடுவதை நிறுத்தினாளோ, அங்கெல்லாம் தொடர்ந்து திடுக்கிட்டவர்கள் ஒவ்வொருவராக அவள் அறைக்கு வந்து செருப்புக் கதை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"கையெழுத்தைப் போட்டுட்டு வா அம்மிணி. லாரி கெளம்பறப்ப நீயும் வந்து நில்லு," என்றார் அவர்.

நாக்கு மரத்துப்போன ஒருத்தி குழம்புக்கு உப்புப் பார்த்தால் என்ன ஆகும்? அவள் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வாள். பொய்யும் சொல்லவில்லை. இனி அவள் செய்யக்கூடியது ஒன்றுதான். கரண்டியை அடுத்தவர்களிடம் நீட்ட வேண்டும்.

கோகிலவாணி நேராக லாரிப் பக்கம் போனாள். ஏற்றியிருந்த பெட்டி ஒன்றைப் பிரித்து ஒரு குக்கரை எடுத்தாள். ஏற்றுக்கூலி ஆட்களின் மேஸ்திரி சின்னராசு, "ஏனுங்கக்கா, கணக்கு கொறையுமே?" என்றான். "கேண்டீனுக்கு வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள். டீ நேரம் என்பதால் கேண்டீன் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

பவித்திரன் பின்னாலேயே ஓடிவந்தான். விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாக்கா. இதை நான் மணல் மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பண்ணுவேன்."

"பண்ணுனீங்க. யாரு பாத்தா?"

மூடியின் ஆவித் துளையில் அவனையே ஒரு திருகாணியை முறுக்கச் சொன்னாள். தண்ணீர் ஊற்றினாள். மூடினாள். அந்த அடுப்பில் மூடி போட்ட குக்கர் ஏறுவது அதுதான் முதல் தடவை. "சிலிண்டர் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்குது. அங்க போய் நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் மூடாதீங்க." பவித்திரனை அங்கே அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்து, மற்றவர்களைக் கதவோரம் போகச் சொல்லிவிட்டு, தான் மட்டும் குக்கர் பக்கத்தில் நின்றாள்.

"இது சாயங்காலம் போற குக்கர்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆவித் துளையை அடைச்சிருக்கறோம். வால்வு நல்லா இருந்தா தானாத் திறந்துக்கும். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது."

குக்கர் வைத்த வீட்டில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு, பாருங்கள். காது ஒரு பக்கம் விசிலுக்குக் காத்திருக்கும். வந்ததும் ஒன்று என்று எண்ணிக்கொள்வோம். இங்கே விசில் வரவில்லை. தண்ணீர் உள்ளே முனகத் தொடங்கியது. முனகல் ஏறியது. பிறகு, இனி வர வேண்டும், இப்போது வந்துவிடும் என்கிற நேரமும் கடந்துபோனது. மூடியின் விளிம்பில் ஒரு சீறல் எழுந்து அடங்கியது. கைப்பிடி மெல்ல நடுங்கியது. கதவோரம் நின்ற அத்தனை பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். டீ டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது, யாரும் எடுக்கவில்லை.

கோகிலவாணி குக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது நெஞ்சு அடிக்கும் என்று எதிர்பார்த்தாள். பேருந்துக்கு நிற்கிறவளைப் போல இருந்தது அவளுக்கு.

விஷயம் கேள்விப்பட்டு ரத்தினசாமி வேகமாக வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே இரண்டடி வந்தவர் அடுப்பைப் பார்த்ததும் நின்றார். "என்ன அம்மிணி இது? தள்ளி வா!"

"எதுக்குங்கண்ணா? சரியாத்தான் இருக்கும்னு சொன்னீங்களே."

"வெளையாடாதே, வா இந்தப் பக்கம்!"

"எனக்கு உறுத்தலைங்க. அது பத்தாதுங்களா? நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க." அவள் கை நீட்டினாள். "லாரி கெளம்பறப்ப உங்க கூட வந்து நிக்கச் சொன்னீங்க. இப்ப நீங்க என்ற கூட நில்லுங்க."

குக்கருக்குள் ஏதோ தட்டியது. வயசாளி ஒருவர் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். ரத்தினசாமியின் கால் பின்னால் போனது. ஓரடிதான். பட்டை இல்லாத அந்த உடம்பு சொன்னதை அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அடுத்த நொடியில் அவர் கத்தினார்: "கேஸை மூடுங்கடா! டேய் பவித்திரா, மூடுறா!"

சுவருக்கு அந்தப் பக்கம் சிலிண்டர் திருகுகிற சத்தம் கேட்டது. தீ சுருங்கி அணைந்தது. முனகல் இறங்க ரொம்ப நேரம் பிடித்தது. அதுவரை யாரும் அசையவில்லை. வால்வு கடைசி வரை திறக்கவேயில்லை.

முதலில் பேசியது சின்னராசுதான். மரியாதை குறையாமல்தான் கேட்டான். "அண்ணா, போனசுக்கு எங்களுக்குத் தர்றதும் இந்த லாட்டுதானுங்களே?"

ரத்தினசாமி தரையைப் பார்த்தார். சின்னராசு இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு வெளியே போனான். அவன் ஆட்களும் போனார்கள். யாரும் சொல்லாமலேயே லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கத் தொடங்கின. முதலாளி தடுக்கவில்லை. கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, "உன்னைய நம்பித்தானே அம்மிணி இருந்தேன்," என்றார்.

"அங்கதானுங்கண்ணா நம்ம ரெண்டு பேரும் ஏமாந்துட்டோம்."

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இயந்திரம் தன் வேலையை நிறுத்தவில்லையே. இருட்டுவதற்குள் இசைவு அன்றைய கோடுகளைக் கூட்டிக் கழித்துவிட்டது. கேண்டீனில் அத்தனை பேர் உடம்பும் பதறியிருந்தது. மாதிரி ஆளின் உடம்பு மட்டும் பதறவில்லை. அப்படியென்றால் அத்தனை பேரும் இந்தக் கம்பெனிக்குப் பொருந்தாதவர்கள். சின்னராசு பொருந்தவில்லை. டீ ஆற்றுகிற அம்மாள் பொருந்தவில்லை. ஒருவர் விடாமல் எல்லோரையும் விடுவிக்கச் சொல்லி அவள் திரையில் வந்து நின்றது. கோகிலவாணியின் எண் மட்டும் ஏறியிருந்தது. தொண்ணூற்றெட்டு.

அவள் அதை வரி வரியாகச் சரிபார்த்தாள். கணக்கில் பிழை இல்லை. நிஜமாகவே இந்த இடத்தில் ஒரே ஒருத்திக்கும் மற்ற எல்லோருக்கும் பொருந்தாமல் போய்விட்டது. யாரை அனுப்புவது என்பதில் மட்டும்தான் இயந்திரம் தடுமாறியிருந்தது.

பவித்திரனைக் கூப்பிட்டாள். தன் நாற்காலியில் அவனை உட்காரவைத்து, எதிரில் தான் உட்கார்ந்தாள்.

"எனக்கு விடுவிப்பு எழுதுங்க தம்பி."

"என்னக்கா பேசறீங்க? உங்களாலதான் இன்னைக்கு..."

"இன்னைக்கு நான் சொன்னது சரிதானுங்க. ஆனா அது எனக்குத் தெரியல. உங்களையெல்லாம் பாத்துத்தான் தெரிஞ்சுது. நாளைக்கும் நான்தான் அளவுன்னா, நீங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா இந்த நாற்காலிக்கு வரணும். இல்லைன்னா என்னைய மாதிரி ஆகணும்."

"மாதிரி ஆளே போயிட்டா மெஷின் என்ன பண்ணும்?"

"யாரோட ஒட்டிப் பாக்கறதுன்னு தெரியாம நிக்கும். நிக்கட்டும். நீங்க எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கோங்க."

அவன் எழுதினான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குக் குத்தலாகப் பேச ஒன்றும் வரவில்லை. கையெழுத்துப் போடும்போது உதடு கோணியது. கண்ணீர் அவனை மீறி வழிந்தது, அடக்க அடக்க விக்கலாக வந்தது. கோகிலவாணி பட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களுக்கு அழுகை வரலையாக்கா?"

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"இன்னும் வரலைங்க தம்பி. வீட்டுக்குப் போய் உக்காந்து பாக்கறேன்."